மரகதம் விரட்டிய காவல்

அருவிக்காட்டில் மரகதம் என்ற புனுகுப்பூனை வைத்தியம் பார்த்துவந்தது. சிறுநீரை முகர்ந்தே உடம்புக்குள் நடப்பதைச் சொல்லிவிடும். அந்த மூக்கைப் பற்றி அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் காலை தவமணி என்ற மானும் மொட்டையன் என்ற காட்டுப்பன்றியும் தள்ளாடிக்கொண்டு வந்தன. ஓடைக்கரைப் புதரில் இரண்டையும் கண்ணாடிவிரியன் கடித்திருந்தது. மரகதம் கொடுத்த பச்சிலையால் இரண்டும் உயிர் தப்பின. ஆனால் மறுநாள் இரண்டுக்கும் முகம் வீங்கியது. சிறுநீர் கறுத்து, சொட்டுச் சொட்டாக வந்தது.

"சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது!" என்றது மரகதம். முகர்ந்து பார்த்தது. உடம்பில் ஊறும் ஒரு நொதியின் கார வாடை தூக்கியடித்தது. நல்ல உடம்பில் அந்த வாடை இருக்கிற இடமே தெரியாது.

"பிடித்துவிட்டேன்! இந்த நொதிதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. இதை அடக்க என்னிடம் ஒரு வேர் இருக்கிறது!"

தவமணி வேர்க் கஷாயத்தை மடமடவென்று குடித்தது. மொட்டையன் ஒரு வாய் வைத்துவிட்டு, "த்தூ! இதற்கு இன்னொரு கடியே வாங்கிக்கொள்ளலாம்!" என்று துப்பியது. போய்ச் சேற்றில் படுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் தவமணியிடம் நொதி வாடையே இல்லை. ஆனால் மானால் எழுந்திருக்க முடியவில்லை. வயிறும் வீங்கியிருந்தது.

"வைத்தியரம்மா, நேற்றிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை" என்று முனகியது.

மரகதத்துக்குப் புரியவில்லை. கெடுப்பதுதான் போய்விட்டதே, பிறகு ஏன் நோய் முற்றுகிறது? வேர் பழையதோ? அளவு போதவில்லையோ? இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமா? கஷாயத்தைக் கையில் எடுத்தது. கீழே வைத்தது. மறுபடி எடுத்தது.

அப்போது மொட்டையன் வந்தது. வீக்கம் பாதி வடிந்திருந்தது. வந்த வேகத்தில் ஒரு மரத்தடியில் தாராளமாகச் சிறுநீர் கழித்தது.

"நீ பிறகாவது கஷாயம் குடித்தாயா?"

"எங்கே குடித்தேன்? உங்கள் முன்னால்தானே துப்பினேன்!"

மரகதம் ஓடிப்போய் முகர்ந்தது. நொதி வாடை முன்னைவிடப் பலமாக அடித்தது!

"அது இருக்கிறவன் பிழைக்கிறான். இல்லாதவள் சாகக் கிடக்கிறாள். அப்படியானால்..."

மரகதத்துக்கு இப்போது விளங்கியது. விஷம் ரத்தத்தைச் சிதைத்தது. சிதைந்த ரத்தம் சிறுநீரகத்தைப் பொசுக்கியது. அதைத் தணிக்க உடம்பே அனுப்பிய காவல்தான் அந்த நொதி. அந்தக் காவலைத்தான் மரகதம் விரட்டியிருக்கிறது!

கஷாயத்தைக் கொட்டிவிட்டு மானிடம் போனது.

"தவமணி, தப்பு என்னுடையது. உன்னைக் காக்க வந்ததை நான் அடக்கிவிட்டேன்."

"இப்போது என்ன மருந்து கொடுக்கப் போகிறீர்கள்?"

"ஒன்றும் கொடுக்கப் போவதில்லை. அது திரும்பி வரட்டும்."

இரண்டு நாள் மரகதம் இரை தேடப் போகாமல் மானின் பக்கத்திலேயே கிடந்தது. அடுத்த நாள் காலை மானுக்கடியில் தரை நனைந்திருந்தது. குனிந்து முகர்ந்தது. அதே கார வாடை!

தவமணி பிழைத்தது. ஆனால் பழைய ஓட்டம் வரவில்லை. பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மரகதம் தலையைக் குனிந்துகொண்டது.

காயத்தின் அருகே நிற்பவர்தான் காயப்படுத்தினார் என்று அவசரப்பட்டு முடிவுகட்டினால், காப்பாற்ற வந்தவரையே விரட்டிவிடுவோம்.