முதல் ஒத்தடம்

வாழ்மருதூர் ஆறுமுகப் பெருமானின் காலை அமுதுக்கு நெல் குத்தியவர் வடிவம்மையார். கோயில் தொண்டு என்றதும் நம் கண் மாலை கட்டுகிறவரிடம் போகும், பிறகு பதிகம் பாடுகிறவரிடம் போகும். மதிலுக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றத்தில், தவிடு படிந்த சேலையோடு உரலடியில் நிற்கிற பெண்ணை யார் பார்த்தார்கள்? பெருமான் பார்த்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. காலை அமுதுக்கு அன்று குத்திய அரிசிதான் ஆகும். முதல் நாள் குத்தியது எவ்வளவு வெளுப்பாக இருந்தாலும் மடப்பள்ளி உலையில் ஏறாது. அதனால் வடிவம்மையார் தினமும் கருக்கலில் எழுந்து, குளித்து, நாலு நாழி நெல்லை உரலில் கொட்டிக் குத்துவார். உலக்கை ஏறும்போது ஒரு 'முருகா', இறங்கும்போது ஒரு 'முருகா'. கணவர் காலமான இருபத்தைந்தாம் வயதில் எடுத்த உலக்கை அது. தெருவுக்கே அந்தச் சத்தத்தில்தான் விடியும். "வடிவக்கா குத்த ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் பெண்கள் பாயைச் சுருட்டுவார்கள்.

நாற்பது வயதை ஒட்டி நோய் வந்தது. முதலில் விரல் மூட்டுகள் வீங்கின. வேலை செய்த அலுப்பு என்று நினைத்தார். பிறகு மணிக்கட்டு, அப்புறம் தோள். ஒரு பக்கம் வந்து மறுபக்கத்தை விட்டுவைக்கிற நோயில்லை அது. வலக்கைக்குக் கொடுத்ததை இடக்கைக்கும் குறைவில்லாமல் பங்கு வைத்தது. விடியலில் கண் விழித்தால் இரண்டு தோளும் புஜமும் இறுகிக் கிடக்கும். கூந்தலை அள்ளி முடியக்கூடக் கை மேலே போகாது. வெயில் வந்து இரண்டு நாழிகை ஆனால் மெல்ல மெல்ல இளகும். மத்தியானம் பார்த்தால், இந்த அம்மாளுக்கா நோய் என்று கேட்கத் தோன்றும். ஊரும் அப்படித்தான் கேட்டது. மத்தியானத்தில் வந்து பார்க்கிறவர்களுக்கு விடியற்காலையின் வலி எப்படித் தெரியும்?

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த வைத்தியர் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், மழுப்பவில்லை.

"தாயி, இது வாதம். வந்து குடியேறிட்டு. முழுசாப் போயிரும்னு நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா இதோட குடித்தனம் பண்ணலாம். நொச்சி இலையை எண்ணெய் விட்டு வதக்கி, துணியில கிழி கட்டி ஒத்தடம் குடுங்க. மூட்டு வீங்கிச் சுடுத அன்னைக்கு வேலை குடுக்காதீங்க. மத்த நாள்ல சும்மாவும் போட்டு வைக்காதீங்க, பூட்டிக்கிடும்."

"சாமிக்கு நெல்லு குத்தலாமா?" என்று மட்டும் கேட்டார் வடிவம்மையார்.

"கொஞ்சங் கொஞ்சமாக் குத்துங்க."

அம்மையாரும் அந்த நோயோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டார். நாலு நாழியை ஒரே மூச்சில் குத்துவதை விட்டு எட்டுப் பங்காக்கினார். பங்குக்குப் பங்கு உட்கார்ந்து எழுந்தார். கனத்த உலக்கையை மூலையில் சார்த்திவிட்டு இலேசான ஒன்றை எடுத்தார். விரல் மடங்க மறுத்ததால், பிடிக்கிற இடத்தில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, முற்றத்து வேப்பங்கிளையில் ஒரு மூங்கில் கழியை வளைத்துக் கட்டச் செய்து, அதன் நுனியிலிருந்து உலக்கையைக் கயிற்றில் தொங்கவிட்டார். கீழே இழுப்பதுதான் அவர் வேலை. தோளுக்கு வலிக்கிற வேலையை, அதாவது மேலே தூக்குவதை, மூங்கில் பார்த்துக்கொண்டது.

அடுத்த வீட்டுப் பேச்சிக்கு இது போதாதா?

"வடிவக்கா சாமிக்கு அரிசி குத்துதாளா, உலக்கைக்குத் தொட்டில் கட்டி ஆட்டுதாளான்னு தெரியலையே" என்று தெருமுழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

"உலக்கைக்கும் வயசாகுதுல்லா பேச்சி, அதுவுந்தான் ஆடிட்டுப் போகட்டுமே" என்றார் அம்மையார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளே வலித்தது. அதை அவர் வெளியே காட்டவில்லை.

ஒத்தடத்தில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் நாள் சூடான கிழியைத் தோளில் வைக்கப் போனவருக்கு என்ன தோன்றியதோ, கை அப்படியே நின்றது. கோயில் இருந்த திசையைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டே ரெண்டு தோளு. அதுவே இந்தப் பாடு படுது. உமக்குப் பன்னிரண்டு. ஊர்ப்பட்ட பாரத்தையும் அதுலதான் தாங்குதீரு. உமக்கு யாரு ஒத்தடம் குடுக்கா?"

அன்றிலிருந்து கிழியை முதலில் கோயில் பக்கமாக நீட்டுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு பன்னிரண்டு தடவை வெறும் காற்றில் ஒற்றி எடுப்பார். "முதல்ல உமக்கு" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் தம் தோளில் வைப்பார். அதற்குள் கிழியின் சூட்டில் பாதிக்கு மேல் போயிருக்கும். மீதிச் சூடு அவருக்கு. அது போதும் என்பார். அதில் தோள் கொஞ்சம் இளகியதும் உலக்கையைத் தொடுவார்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. நாலாம் வருஷம் மார்கழி வந்தது. மார்கழியில் பூசை இன்னும் முந்தி நடக்கும். பனியும் குளிரும் தோளை இன்னும் இறுக்கும். அம்மையார் எவ்வளவு முந்தி எழுந்தாலும் கை எழவில்லை. அமுது ஒரு நாள் பிந்தியது, இரண்டு நாள் பிந்தியது, மூன்றாம் நாளும் பிந்தியது. கோயில் காரியஸ்தர் தாணுமூர்த்திப் பிள்ளை நேரே முற்றத்துக்கு வந்துவிட்டார். பிள்ளை கெட்டவர் இல்லை. நேரம் தவறக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதக்காரர்.

"ஏம்மா வடிவு, சாமியைப் பசியோட நிறுத்தி வைக்கிறது உனக்கே நல்லாருக்கா? இன்னும் ஒரு நாள் பிந்திச்சுன்னா, நெல்லைப் பேச்சிகிட்ட குடுத்துருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லாத."

வலிக்கு அஞ்சாத அம்மையார் இதற்கு அஞ்சினார். அந்த நாலு நாழி நெல்லை விட்டால் அவருக்குப் பெருமானிடம் போவதற்கு வேறு வழியில்லை என்று பட்டது. அன்று மத்தியானம் கை நன்றாக இளகியிருந்தது. மறுநாளைக்கான நெல் மூலையில் இருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உரலில் கொட்டிக் குத்திவிட்டார்.

அடியார் செய்யலாமா என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் அடியாரும் மனுஷிதான்.

மறுநாள் அரிசி சரியான நேரத்துக்கு மடப்பள்ளி போய்ச் சேர்ந்தது. அமுது ஆயிற்று. பூசை முடிந்தது. பிள்ளை திருப்தியாகத் தலையசைத்தார். வடிவம்மையார் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். பேச்சி அங்கே அவிழ்ந்த தலையோடு நின்றாள்.

"என்னக்கா, இன்னைக்கு உலக்கைச் சத்தமே கேக்கலையே? அதான் தெருவே எந்திரிக்கப் பிந்திட்டு. எங்க வீட்டுல இன்னும் அடுப்பே பத்த வைக்கலை பாருங்க."

பேச்சி கள்ளமில்லாமல்தான் சொன்னாள். அம்மையார் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தேடிப் போனார்.

"அண்ணாச்சி, இன்னைக்குக் குடுத்தது நேத்து மத்தியானம் குத்தின அரிசி. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. கோபம் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தபோதும் அவர் சத்தம் போடவில்லை.

"நாழியைக் குடுத்துரு" என்றார்.

இத்தனை வருஷம் நெல் அளந்த அந்தப் படியை வீட்டிலிருந்து எடுத்துவந்து தம் கையால் கொடுத்துவிட்டு, வடிவம்மையார் சந்நிதியில் போய் நின்றார். எல்லோரும் தலைக்கு மேல் கை கூப்பிக் கும்பிடுகிற இடம் அது. அவருக்கு நெஞ்சுமட்டம்தான் கை வந்தது.

"தப்பு என்னுதுதான். உலக்கையை வாங்கிட்டாங்க, சரிதான். கிழி என்கிட்டதான் இருக்கு. அது நாளைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். போய் அழுதார்.

அடுத்த நாள் பேச்சி நெல் குத்தினாள். அரிசி நேரத்துக்கு வந்தது. எல்லாம் ஒழுங்காக நடக்கிற நிம்மதியில் பிள்ளை மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் லேசாக அசந்தது. காதருகே ஒரு குரல் கேட்டது.

"தாணு, தோள் இன்னும் இளகவில்லை. வெயில் வரட்டும்."

திடுக்கிட்டு விழித்தவர் 'முருகா' என்று கைகூப்பப் போனார். கை எழவில்லை. இரண்டு தோளும் இறுகிப் போய், கைகள் மடியிலேயே கிடந்தன. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து குருக்கள் கூப்பிட்டார்.

"பிள்ளைவாள், சித்த இங்கே வாரும்."

தொங்கிய கைகளோடு பிள்ளை கருவறை வாசலுக்குப் போனார். குருக்கள் விளக்கை உயர்த்திக் காட்டினார்.

"நேத்து நான்தான் பூட்டிண்டு போனேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்கலை. இதைப் பாரும்."

பெருமானின் பன்னிரண்டு தோள்களிலும் எண்ணெய் மினுங்கியது. வதங்கிய நொச்சி இலைத் துணுக்குகள் தோளுக்குத் தோள் ஒட்டியிருந்தன. மார்கழிக் குளிரில் கல் வெதுவெதுவென்று இருந்தது. சந்தன வாசத்தை மீறி நொச்சி வாசம் அடித்தது.

பிள்ளை பூசையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த நாழியை எப்படியோ இரண்டு கைகளுக்கும் இடையில் அணைத்து எடுத்துக்கொண்டு, மதிலைச் சுற்றி நடந்தார்.

வடிவம்மையார் முற்றத்தில் கோயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையில் ஆவி பறக்கும் கிழி. உலக்கை கயிற்றில் சும்மா தொங்கியது. அவர் காற்றில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது... பத்து..."

பிள்ளை படலுக்கு வெளியிலேயே நின்றார். பன்னிரண்டு முடியும்வரை நின்றார்.

"முதல்ல உமக்கு" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன கிழியைத் தம் தோளில் வைத்தபடி திரும்பியவர் பிள்ளையைப் பார்த்து எழப் போனார். வேப்ப மரத்துக்கு மேலாக வெயில் வந்து இருவர் தோளிலும் விழுந்தது. பிள்ளையின் தோள் இளகியது. நாழியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அவர் அந்த அம்மையாரைக் கும்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி இது, என்னையப் போய்..."

"அம்மா, நாழியை வாங்கிக்கிடுங்க" என்றார் பிள்ளை. நேற்றுவரை நீ என்று பேசிய வாய் அது. "இனிமே நீங்க வெயில் வந்த பொறவு குத்துனாப் போதும். அவரு தோளும் அப்பத்தான் இளகுதாம். என்கிட்ட அவரே சொன்னாரு. நீங்க வச்ச இலை அங்க ஒட்டியிருக்கும்மா."

அம்மையார் நாழியைத் தொடவில்லை. கண்ணீர் வழிந்தது. மெல்லக் கேட்டார்.

"அப்ப, முந்தா நாள் குத்துன அந்த அரிசி?"

"அதையும் சாப்பிட்டுட்டுத்தானம்மா சொல்லியிருக்காரு."

வடிவம்மையாரின் வலி போனதா என்றால், போகவில்லை. இன்னும் இருபது வருஷம் அது அவரோடேயே குடியிருந்தது. மூட்டு வீங்கிய நாட்களில் பேச்சி வந்து நெல் குத்தினாள், அதுவும் அந்த ஆடும் உலக்கையில்தான். இழுத்துப் பார்த்த பிறகு அவள் தொட்டில் பேச்சை எடுக்கவே இல்லை.

மற்றக் கோயில்களில் மார்கழிப் பூசை இருட்டோடு முடிந்துவிடும். வாழ்மருதூரில் மட்டும் பெருமான் வெயில் வந்து முதல் படியைத் தொடும்வரை எழுவதில்லை. எழுந்ததும் நீராட்டுக்கு முன்னால் அவர் தோள்களுக்கு நொச்சிக் கிழியால் ஒத்தடம் நடக்கும். பன்னிரண்டு தோளுக்கும் கொடுத்த பிறகு, மீதிச் சூட்டோடு அந்தக் கிழியைத் தோள் வலியென்று வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

தம் தோள் நொந்தபோது பெருமானின் தோளை நினைத்து, முதல் சூட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு மீதியில் நிறைந்திருந்த வடிவம்மையாரின் திருவடியை நம் கை எட்டும் உயரத்தில் கூப்பி வணங்குவோம். அவருக்கு நெஞ்சுமட்டமே போதுமானதாக இருந்தது.