வௌவால் வராத இலுப்பை மரம்

முன்னொரு காலத்தில் இருப்பைநல்லூர் என்ற நாட்டைப் பூபதிராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுக்கு உலகளந்தார் என்று ஒரு மந்திரி. நந்தவனத்துக்கும் தோப்புகளுக்கும் ஆதிமூலம் என்று ஒரு பிரதானி. உலகளந்தாரை அரசன் "மந்திரியாரே" என்று வாய் நிறையக் கூப்பிடும்போதெல்லாம் ஆதிமூலத்துக்குப் பொறாமை பொங்கும்.

அரண்மனைக்குப் பின்னால் பெரிய இலுப்பைத் தோப்பு. அந்த நாட்டில் கோயில் விளக்கானாலும் குடிசை விளக்கானாலும் எரிவது இலுப்பெண்ணெயில்தான். தோப்பின் உச்சிக் கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும்.

ஒரு மாசி மாதத்து மாலை, புதுப் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு அரசன் தோப்பில் உலாவினான். மேலே இருந்து பொத்தென்று ஓர் எச்சம் சால்வையில் விழுந்தது.

"இந்தச் சனியன்களால் யாருக்கு என்ன லாபம்?" என்று அரசன் கத்தினான்.

ஆதிமூலம் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னே வந்தார். "ஒரு லாபமும் இல்லை பிரபு. பூவைத் தின்கின்றன, பழத்தைத் தின்கின்றன. உத்தரவு கொடுங்கள். பறையடித்துப் புகைபோட்டு ஒன்று விடாமல் விரட்டிவிடுகிறேன்."

"அப்படியே செய்!"

உலகளந்தார் மெல்லக் கனைத்தார். "மன்னா, திருடனைக்கூட விசாரிக்காமல் தண்டிப்பது நம் வழக்கமில்லையே."

"வௌவாலை விசாரிப்பீர்களா? தலைகீழாகத் தொங்குகிறது. சாட்சியும் தலைகீழாகத்தானே சொல்லும்!" என்றார் ஆதிமூலம். அரசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சாட்சியை மரம் சொல்லட்டும்" என்றார் மந்திரி. "இந்தப் பூப்பருவம் மட்டும் பொறுங்கள். பிரதானியார் தமக்குப் பிடித்த மரத்தை எடுத்துக்கொள்ளட்டும். இரவில் வௌவால் அண்டாதபடி வலை போர்த்தட்டும், விடிந்ததும் எடுத்துவிடட்டும். அதன் எண்ணெய் இந்த ஆண்டு அவர் வீட்டுக்கு. பக்கத்தில் வௌவால் மொய்க்கிற மரம் எனக்கு. அவரவர் மரத்து எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் அவரவர் வீட்டில் எரியக் கூடாது."

"சபாஷ்! இதுவே என் ஆணை" என்றான் அரசன்.

ஆதிமூலத்துக்கு உள்ளுக்குள் குதூகலம். 'மந்திரிக்கு மிஞ்சப்போவது வௌவால் தின்ற எச்சில்தான்' என்று நினைத்துக்கொண்டு, தோப்பிலேயே பெரிய மரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார். செம்படவர்களிடம் வலை வாங்கி, பூப்பருவம் முழுக்க மாலைதோறும் தாமே நின்று போர்த்தச் செய்தார். மரம் பூத்துக் குலுங்கியது. பக்கத்து மரத்தில் வௌவால்கள் சண்டை போட்டுக்கொண்டு பூவைத் தின்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

சித்திரை கழிந்தது. தோப்பெல்லாம் பிஞ்சு பிடித்தது. அவருடைய மரத்தில் இலைதான் தளதளத்தது. 'பெரிய மரம், தாமதமாகக் காய்க்கும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனியில் மற்ற மரங்களுக்கடியில் பழம் உதிர்ந்தது. அவர் மரத்தடியில் நாள் முழுக்கத் தேடியும் மடி நிறையவில்லை. அந்தக் கொட்டைகளைச் செக்கில் கொண்டுபோய்க் கொட்டினால் செக்கு நனைந்ததே தவிர, குடத்தில் ஒன்றும் விழவில்லை.

அன்று முதல் ஆதிமூலம் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. இருட்டில் மனைவி சொம்பைத் தேடிப்போய்க் கல்லுரலில் மோதிக்கொண்டாள். "வௌவாலுக்குத்தான் இருட்டில் கண் தெரியும், எனக்குமா தெரியும்?" என்று அவள் கேட்டாள். திருட்டுத்தனமாக எண்ணெய் வாங்கலாமா என்றுகூட ஆதிமூலம் நினைத்தார். அரச ஆணையை மீறினால் தலை தங்காதே!

ஆவணியில் மகள் செண்பகவல்லிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அந்த நாட்டில் நிச்சயதார்த்தம் என்றால் விளக்கேற்றிய பிறகுதான். ஆதிமூலமோ உச்சிவெயிலில் வைத்தார். சம்பந்தி வீட்டார் வியர்த்து வழிந்தார்கள். விசிறியும் கையுமாக வந்த அரசன் கேட்டான்: "என்னய்யா இது, வடகம் காயவைக்கிற நேரத்தில் நிச்சயதார்த்தம்?"

"நல்ல முகூர்த்தம் பிரபு..."

"மணையில் குத்துவிளக்கு இருக்கிறது. திரி எங்கே?"

சபையே ஆதிமூலத்தைப் பார்த்தது. மகளும் பார்த்தாள். அவள் கண் கலங்கியதைக் கண்டதும் அவருக்குத் தாங்கவில்லை. அரசன் காலில் விழுந்தார். "பிரபு, என் மரம் காய்க்கவே இல்லை. ஏனென்றும் எனக்கு விளங்கவில்லை."

அரசன் மந்திரியைத் திரும்பிப் பார்த்தான்.

"இலுப்பை இரவில் பூக்கிற மரம் மன்னா" என்றார் உலகளந்தார். "தேனீ தூங்கும் நேரத்தில் வௌவால்தான் வருகிறது. இதழைத் தின்னும்போது அதன் மூஞ்சியில் மகரந்தம் ஒட்டுகிறது. அதோடு அடுத்த மரத்துக்குப் போகிறது. அப்படித்தான் பூ காயாகிறது. பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் எங்கோ தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுகிறது. ஆற்றங்கரை நெடுக நிற்கின்றனவே இலுப்பைகள், அவற்றை நட்டது யார்?"

"என் பாட்டனார் இல்லையா?"

"அவர் நட்டது அரண்மனைத் தோப்பு மட்டும்தான்."

அரசன் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தான். "ஒரு சால்வைக்காக நாட்டையே இருட்டாக்க இருந்தேன்" என்றான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். பிறகு ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினான். "பிரதானியாரே, இன்று முதல் வௌவால்களுக்கு நீர்தான் காவல். தோப்புப் பக்கம் பறைச் சத்தம் கேட்டால் உம்மைத்தான் கேட்பேன்."

சபையில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார்.

உலகளந்தார் மட்டும் சிரிக்கவில்லை. "மன்னா, உங்கள் ஆணையைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். என் வீட்டில் எண்ணெய் மிதமிஞ்சிக் கிடக்கிறது. நம் வீட்டுப் பெண்ணுக்கு வெயிலில் நிச்சயதார்த்தம் வேண்டாம்" என்றார். அரசன் சரியென்று தலையசைத்தான். முகூர்த்தம் மாலைக்குத் தள்ளிப்போயிற்று.

பொழுது சாய்ந்ததும் குடம் குடமாக எண்ணெய் வந்தது. வாசல் முதல் கொல்லை வரை விளக்கேற்றினார்கள். அந்த நேரத்தில் தோப்பிலிருந்து வௌவால்கள் கருமேகம்போலக் கிளம்பி வீட்டின்மேல் பறந்தன. சம்பந்தி திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார். "என்ன சம்பந்தி, சுபகாரியம் நடக்கும்போது இதெல்லாம் குறுக்கே போகிறதே?"

ஆதிமூலமும் அண்ணாந்து பார்த்தார். "பயப்படாதீர்கள் சம்பந்தி. நம் அரண்மனை ஊழியர்கள்தான். வேலைக்குப் போகிறார்கள்."