கோணலாக நின்ற எண்கள்

"இந்த டயல்களைக் கோணலா மாட்டினது யாரு?" என்று கேட்டாள் சுடரொளி.

"நான்தான்" என்றாள் காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்த மெக்கானிக் ஃபெலீசியா.

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் அது. ஸ்டியரிங்குக்கு நேரே இரண்டு பெரிய டயல்கள். நடுவில், ஓட்டுபவரைப் பார்த்துத் திரும்பிய மூன்று சின்ன டயல்கள்: தண்ணீர்ச் சூடு, ஆயில் சூடு, ஆயில் அழுத்தம். அந்த மூன்றிலும் எண்கள் தலைசாய்ந்து கிடந்தன. ஒன்றில் பூஜ்யம் வலது ஓரத்தில். ஒன்றில் உச்சியில்.

நாளை மலையேற்றப் பந்தயம். சுடரொளிக்கு முதல் பந்தயம்.

"ஏற்கெனவே உயிர் கையில இல்ல. இதுல கழுத்தைச் சாய்ச்சு வேற படிக்கணுமா? இது எந்த ஊர் நியாயம்க்கா?"

"நேராக்கிக்கோ."

"அப்புறம் திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன். வாதாடி ஜெயிச்சுட்ட இல்ல?"

சுடரொளி டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, மரைகளைத் தளர்த்தி, மூன்றையும் திருப்பினாள். எண்கள் பாடப்புத்தகம் மாதிரி நிமிர்ந்தன.

"ஓட்டு" என்று பக்கத்தில் ஏறினாள் ஃபெலீசியா.

கோத்தகிரிப் பாதை. வலப்பக்கம் பாறை. இடப்பக்கம் ஒன்றுமே இல்லை.

சுடரொளி ஓரக்கண்ணால் டயல்களைப் பார்த்தாள். ஒரு முள் இடப்பக்கம் படுத்திருந்தது. ஒன்று வலப்பக்கம். ஒன்று கீழே. ஏதோ கெட்டுப்போச்சு. எது? தண்ணீரைப் படித்தாள்: எண்பது. சரிதான். ஆயில் சூடு...

கண்ணை நிமிர்த்தியபோது வளைவு முன்னால் நின்றது.

பிரேக்கை மிதித்தாள். இடது சக்கரம் சரளையைத் தள்ளி, கார் விளிம்பில் நின்றது. கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அவை கீழே போய் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஃபெலீசியா கியரை விடுவித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன படிச்ச?"

சுடரொளி டயல்களை நோக்கிக் குனிந்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். "தண்ணி எண்பது. ஆயில் சூடு தொண்ணூறு. அழுத்தம்... அதுவும் சரி. எல்லாமே சரியாத்தான்க்கா இருக்கு."

"அப்ப எதைப் பார்த்துப் பயந்த?"

சுடரொளி முட்களை மறுபடி பார்த்தாள். மூன்றும் சரியான அளவில்தான் நின்றன, ஆனால் மூன்று பக்கம் பார்த்தன.

கையை மறுபடி டாஷ்போர்டுக்குப் பின்னால் விட்டாள். முள் நேரே மேலே பார்க்கும்வரை முதல் டயலைத் திருப்பினாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. எண்கள் கோணின. மூன்று முட்களும் வரிசையாக நிமிர்ந்து நின்றன.

எல்லாம் சரி என்பது ஒரே பார்வையில் தெரிந்தது.

நின்ற காரில் எஞ்சின் சூடேற, தண்ணீரின் முள் லேசாக வலப்பக்கம் சாயத் தொடங்கியது.

சுடரொளி எண்ணைப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"ம். இதுக்குப் பயப்படு" என்றாள் ஃபெலீசியா.