மானிட்டர் இல்லாத மேசை

"டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் ஓயாம பேசுது. நான் எங்கே நிக்கேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது."

சொன்னவர் பேராசிரியர் ஆறுமுகப்பெருமாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தலைநரைக்கும் வரை வரலாறு நடத்தியவர். போன வருஷம் கண் நரம்பு கெட்டு, பார்வை முழுசாகப் போய்விட்டது.

டீச்சர் ஜெஸ்லினுக்கு இருபத்துமூன்று வயசு. பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள்.

"சொல்லிச்சு சார். நீங்க பேசிட்டிருந்தீங்க."

*

கல்லூரி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மாணவர்களின் மதிப்பெண்களை அவரே, யார் துணையும் இல்லாமல், கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்ட வேண்டும். முடிந்தால் வகுப்பு. முடியாவிட்டால் நூலகத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கலாம், வேறு வேலை கிடையாது.

கண் தெரிகிற பேராசிரியர்களில் எத்தனை பேர் தாங்களே ஏற்றுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாதிப் பேருக்கு ஆய்வு மாணவர்கள்தான் ஏற்றிக் கொடுக்கிறார்கள். அது துணையில் சேராதாம்.

*

"சேமிக்கிற பொத்தான் எங்கே இருக்கு? இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது வலதெல்லாம் கிடையாது சார். மௌஸ் அம்புக்குறி எங்கே நின்னாலும் விசைக்கு அது கணக்கில்லை. இதுக்கு முன்னாடி ஒண்ணு. இதுக்கு அப்புறம் ஒண்ணு. அவ்வளவுதான்."

"அதெப்படி? திரைன்னு ஒண்ணு இருந்தா நாலு மூலை இருந்துதானே ஆகணும்?"

"இருக்கலாம். நான் பார்த்ததில்லை."

அவர் மானிட்டரின் மேல் கையை வைத்துத் தடவினார். ஒரு மூலை கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டே மிச்ச நேரமும் உட்கார்ந்திருந்தார்.

*

மறுநாள் கையை நீட்டினார். வெறும் காற்று.

"மானிட்டர் எங்கே?"

"கழட்டிட்டேன்."

"அப்போ கம்ப்யூட்டர் ஓடாதே!"

"தட்டிப் பாருங்க."

தட்டினார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர், நேற்றுப் பேசியது போலவே பேசியது.



"இல்லாத திரையை இது எப்படி வாசிக்குது?"

ஜெஸ்லின் அவர் விரலை மறுபடி விசைமேல் வைத்தாள்.

"கண்ணுதான் போச்சுன்னு நினைச்சேன்," என்றார். "இப்போ திரையும் போச்சா?"

*

பக்கத்து மேசையில் ஜெஸ்லினின் கம்ப்யூட்டர் பொரிந்து தள்ளியது.

"அது என்ன பாஷை?"

"தமிழ்தான் சார்."

"பொய் சொல்லாத மக்ளே. கடுகு தாளிச்ச மாதிரில்லா இருக்கு."

"மெதுவா பேசினா எனக்குத் தூக்கம் வந்துரும்."

"என்னோடதை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கு."

"இப்பவே உங்க பிரின்சிபால் சுதந்திர தினத்துக்குப் பேசற மாதிரிதான் போகுது. இதுக்கு மேல மெதுவாக்கினா நின்னே போயிரும்."

சிரித்துவிட்டார். ஆனால் குழப்பம் தீரவில்லை.

*

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

குரலைக் காதில் விழாத அளவுக்குக் குறைத்துவிட்டார். விசைகளை மனப்பாடம் செய்தார். அடுத்ததுக்குப் போக இத்தனை தடவை டேப், இத்தனை தடவை கீழே, பிறகு அதை அமுக்க எண்டர். வீட்டில் சாப்பிடும்போதும் வாய் முணுமுணுத்தது.

ஒரு பிழையும் வரவில்லை.

"பார்த்தியா டீச்சர்? நான் தயார்."

ஜெஸ்லின் தன் மேசையிலிருந்து, அவர் பழகுவதற்காக அவளே செய்து வைத்திருந்த பக்கத்தில் ஒரு புதிய பொத்தானை நடுவில் சேர்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

அவர் முணுமுணுத்தார். தட்டினார்.

"எல்லா மார்க்கும் அழிஞ்சு போச்சு சார்."

"நீ எதையோ மாத்திட்டே!"

"ஆமா."

"சொல்லாம மாத்தறது எந்த ஊர் நியாயம்?"

"உங்க காலேஜ் சொல்லிட்டா மாத்தும்?"

"அப்போ நான் எதைத்தான் நம்பறது? திரையை எடுத்துட்டே. கணக்கையும் கெடுத்துட்டே. நாளைக்கு என் வகுப்பு போகப்போகுது, உனக்கு விளையாட்டா இருக்கு. நீ பிறந்ததிலேருந்து இப்படி. நான் அப்படியா? பார்த்து வாழ்ந்த ஆளு நான். எனக்குப் பிடிச்சுக்கறதுக்கு ஏதாவது ஒண்ணு..."

ஜெஸ்லின் அவருடைய வலது கையைத் தேடி எடுத்தாள். அதை அவருடைய வாய் மேலேயே வைத்து அழுத்தினாள்.

பிறகு டீ குடிக்கப் போய்விட்டாள்.

கோபம் வந்தது. அவமானமாக இருந்தது. ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏனோ கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சற்றுப் பொறுத்து, இடது கையால் குரலைக் கூட்டினார்.

*

மறுநாள் கல்லூரி முதல்வர் அறையில் சோதனை. ஜெஸ்லினை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

மேசையில் பெரிய மானிட்டர். அதைச் சுற்றி முதல்வரும் துறைத்தலைவரும்.

பக்கத்தைப் புதிதாக வடிவமைத்திருந்தார்கள். யாரும் அவரிடம் சொல்லவில்லை. மனப்பாடம் ஒன்றுக்கும் உதவவில்லை. தட்டுத்தடுமாறி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, மதிப்பெண்களை ஏற்றினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

இன்னும் சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு விசையைத் தட்டினார்.

"அதேதான் சார்!" என்றார் முதல்வர். "சரியான இடத்துக்கு வந்துட்டீங்க. பச்சைப் பொத்தான். அமுக்குங்க."

விரல் எண்டருக்குப் போனது.

"தைரியமா அமுக்குங்க சார்," என்றார் துறைத்தலைவர். "நாங்கதான் பார்த்துக்கிட்டிருக்கோமே."

இரண்டு குரல்களுக்கும் அடியில் மூன்றாவது குரல் ஒன்று ஓடியது.

"எல்லாவற்றையும் நீக்கு. பொத்தான்."

விரல் அந்தரத்தில் நின்றது.

"அமுக்குங்க சார், என்ன யோசனை?"

அவர் எண்டரை விட்டுவிட்டு டேப் விசையை ஒரு தடவை தட்டினார்.

"சேமி. பொத்தான்."

"ஐயய்யோ, எதுக்கு சார் வேற எதையோ தட்டறீங்க?" முதல்வர் எழுந்தே விட்டார். "அம்புக்குறி பச்சைப் பொத்தான் மேலதானே நிக்குது!"

"எந்த அம்புக்குறி?"

"மௌஸ் அம்புக்குறி. இதோ, என் கண்ணு முன்னாடி நிக்குதே!"

"நான் அங்கே இல்லை சார்," என்று எண்டரைத் தட்டினார் ஆறுமுகப்பெருமாள்.