பூவாத்தாள் நீட்டிய கை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனசுக்காரர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். அவருக்குப் பல் வலித்தால் ஊரில் ஒருத்தரும் முறுக்கு தின்னக் கூடாது. அப்படியொரு ராஜா.

அவர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் அறிவிப்புச் சொல்லும் கட்டியக்காரன், குற்றம் செய்தாயா என்று மூன்று தடவை கேட்பான். குற்றம் சாட்டப்பட்டவர் தன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவையும் பேசாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவன் வல்லபராயன், அரண்மனைத் தொழுவத்து அதிகாரி. அதே ஊரில் இருந்த பூவாத்தாள் என்பவளின் செவலைப் பசுமேல் அவனுக்கு ஒரு கண். பூவாத்தாளுக்குக் கண் தெரியாது, காது கேளாது, பேச்சும் வராது. அந்தப் பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றுக்குப் போவாள், வருவாள். அது போனால் அவள் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். "தொழுவத்து மாட்டை இவள் திருடிவிட்டாள்" என்று அந்தப் பாவி வழக்குப் போட்டான்.

பூவாத்தாளோடு பேசத் தெரிந்தவள் அவள் நாத்தனார் சிவனம்மா ஒருத்திதான். உள்ளங்கையில் விரலால் தட்டியும் வருடியும் இருவரும் நாளெல்லாம் பேசுவார்கள். விசாரணை நாளில் சிவனம்மாவைச் சபை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "அடுத்தவள் வாய்க்கு இங்கே இடமில்லை" என்றான் வல்லபராயன்.

கட்டியக்காரன் மூன்று தடவை கேட்டான். பூவாத்தாளோ, யாராவது தொட்டுச் சொல்ல மாட்டார்களா என்று இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றாள். ராஜா கொட்டாவி விட்டார்.

"ஒப்புக்கொண்டாள். நாளை மாலை மாட்டை ஓட்டிப் போகலாம்" என்றார்.

மந்திரி அம்பலவாணர் வாசலில் நின்ற சிவனம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் காலை கடல் தாண்டி ஒரு தீவுத் தூதர் வந்தார். குனிந்து வணங்கி, தன் மொழியில் ஏதோ கேட்டார். ராஜாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. தூதர் மறுபடி கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். ராஜா திருதிருவென்று முழித்தார்.

"இவர் பேச்சை நமக்கு எடுத்துச் சொல்லும் துபாஷி எங்கே ஐயா?"

"வாசலில் நிற்கிறார் மகாராஜா. அடுத்தவர் வாய்க்குத்தான் இங்கே இடமில்லையே, நான்தான் நிறுத்திவைத்தேன்" என்றார் மந்திரி. "போகட்டும், மூன்று தடவை கேட்டாயிற்று, தாங்களும் பேசவில்லை. ஒப்புக்கொண்டதாக அர்த்தம்."

"எதை?"

மந்திரி துபாஷியை உள்ளே அழைத்தார். துபாஷி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தங்கள் பட்டத்து யானையைத் தீவுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார்."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த யானைக்குத் தினமும் தன் கையால் கரும்பு கொடுப்பவர் அவர். "என்ன அநியாயம் இது? எனக்குப் புரியவே இல்லையே! புரியும்படி சொல்ல ஆள் வைக்காமல் கேட்டுவிட்டு..."

"நேற்று பூவாத்தாளும் இதையேதான் சொல்லியிருப்பாள் மகாராஜா" என்றார் அம்பலவாணர் மெதுவாக.

ராஜா தூதரிடம் துபாஷி மூலம் யானையைத் தர முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பூவாத்தாளையும் சிவனம்மாவையும் பசுவையும் அழைத்துவரச் சொன்னார்.

"இது உன் மாடுதானா என்று கேளம்மா."

சிவனம்மா கையில் தட்டினாள். பூவாத்தாளின் விரல்கள் படபடவென்று பதில் சொல்லின. சிவனம்மா ராஜாவைப் பார்த்தாள், பூவாத்தாளைப் பார்த்தாள்.

"சொன்னதை அப்படியே சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார் மந்திரி.

"கூட்டலைங்க சாமி. வையிறா, அதான் யோசிக்கிறேன். 'நேத்து அம்புட்டு நேரம் கையை நீட்டிக்கிட்டு நின்னேனே, தொட்டுச் சொல்ல ஒருத்தருக்கும் தோணலையா'ன்னு கேக்குறா. அப்புறம், மாடு சினையா இருக்குதாம். வலது விலாவுக்குக் கீழே கையை வச்சா கன்னு உதைக்குமாம். மாட்டுக்குச் சொந்தக்காரருக்கு அது தெரியுமான்னு கேக்குறா."

"சினையா?" வல்லபராயன் வாய்விட்டுவிட்டான்.

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து பசுவின் விலாவில் கை வைத்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு சின்ன உதை. ராஜாவின் கண் கலங்கிவிட்டது.

"வல்லபராயா, உன் பதவி போயிற்று. கன்று பிறக்கும்வரை இந்த மாட்டுக்கு நீதான் புல் அறுத்துப் போட வேண்டும். அம்பலவாணரே, உமக்கு என்ன வேண்டும்?"

"துபாஷி ஆசனத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆசனம் மகாராஜா. இப்படிப்பட்டவர்கள் பேச்சை எடுத்துச் சொல்பவருக்கு."

"போடுங்கள். அவர் வந்து உட்காரும்வரை இந்தச் சபையில் யாரும் அவர்களைக் கேள்வி கேட்கக் கூடாது."

பிறகு ராஜா சிவனம்மாவிடம், "மன்னித்துக்கொள் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். பூவாத்தாளின் உள்ளங்கையில் தானே தட்டினார். தப்பும் தவறுமாகத்தான். அவள் அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள், தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள், நாத்தனார் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் ராஜா.

"'யாரு பெத்த பிள்ளையோ, கை இப்படி நடுங்குது. பயப்படாதேன்னு சொல்லு'ங்கிறா சாமி."