கரியாளின் மடியில் சுருளி

அந்தக் காலத்தில், மீனும் மண்ணும் வாய் திறந்து பேசியபோது, அரியலூர்ப் பக்கம் முழுக்கக் கடலாகக் கிடந்தது. கடலம்மாவுக்கு மூன்று பெண்கள். மூவரும் சேற்று அடுக்குகள். முதலில் பிறந்தவள் கரியாள். அவள்மேல் படுத்தவள் மஞ்சாள். அதற்கும் மேலே கடைக்குட்டி வெள்ளச்சி.

ஒருநாள் பூமி தூக்கத்தில் புரண்டு படுத்தது. பெண்கள் மூவரும் அப்படியே கவிழ்ந்தார்கள். கரியாள் மேலே வந்துவிட்டாள், வெள்ளச்சி அடியில் போய்விட்டாள். சேறு கலங்கியதில் மூவர் முகமும் ஒரே நிறம்.

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஆறு பெண் கேட்டு வந்தது.

"மூத்த பொண்ணைத்தான் கட்டிக்குவேன் அத்தை. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கடலம்மா திருதிருவென்று விழித்தாள். நேற்று அடித்த அலையே அவளுக்கு நினைவில் நிற்காது. "ஏண்டி, உங்கள்ல யாருடி பெரியவ?"

"நான்தான். அடியில கிடக்கேன் பாரும்மா," என்றாள் வெள்ளச்சி.

"ஐயோ, கவுந்துட்டோம்மா! நான்தாம்மா கரியா!" என்று அழுதாள் கரியாள்.

மஞ்சாளைக் கேட்டால், "நான் எப்பவும் நடுவுலதான் இருக்கேன், எனக்கென்ன தெரியும்?" என்றாள். சொல்லுகிற எனக்கே யார் மேலே, யார் கீழே என்று தலை சுற்றுகிறது. பெற்றவள் பாவம், என்ன செய்வாள்? வெள்ளச்சிக்கே மாலையை எடுக்கப் போனாள்.

கரியாளோடு கூடவே வளர்ந்தவள் சுருளி. முறுக்குபோல ஓடு சுற்றிய கடல் உயிர். அப்படியே மஞ்சாளுக்குச் சிப்பி தோழி, வெள்ளச்சிக்கு நத்தை தோழி. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கடலம்மா, எங்களைப் பெத்த வரிசையாச்சும் ஞாபகம் இருக்கா?"

"அது இருக்கு. முதல்ல நீ. அப்புறம் சிப்பி. கடைசியா நத்தை."

"அப்ப அவங்கவங்க தோழிக்குள்ள நாங்க போறோம். நான் யாருக்குள்ள இருக்கேனோ, அவதான் பெரியவ."

"வேணாம்டி, சேறு இறுகிடும். உன்னால வெளிய வர முடியாது," என்று கரியாள் தடுத்தாள்.

"வெளிய நின்னு சொன்னா அம்மா நாளைக்கே மறந்துடுவாங்க. திரும்பக் கவுந்தா உனக்கு யாரு இருக்கா?"

சுருளி தன் குலம் முழுவதையும் கூட்டிக்கொண்டு கரியாளுக்குள் புதைந்தாள். சிப்பியும் நத்தையும் தங்கள் குலத்தில் பாதியை வெளியே விட்டுவிட்டு, மஞ்சாளுக்குள்ளும் வெள்ளச்சிக்குள்ளும் போயின. கடலம்மாவுக்குத் தெளிந்தது. ஆறு கரியாளுக்கு மாலையிட்டது.

கல்யாணச் சாப்பாட்டுக்குக் கரியாள் தோழியைக் கூப்பிட்டாள். பல முறை கூப்பிட்டாள். பதில் வரவில்லை. சேறு கல்லாகிவிட்டிருந்தது.

அன்று முதல்தான் கடலில் ஒரு சுருளிகூடக் கிடையாது. எந்தப் பாறை மூத்தது என்று குழம்புகிறவர்களும் பாறையைக் கேட்பதில்லை. உடைத்து, உள்ளே கல்லாகிக் கிடப்பவளைத்தான் கேட்கிறார்கள்.