மாடத்தி குடித்த தண்ணீர்

கதிர்வீச்சுப் பிரிவில் ரெஜினாவிடம் தொழில் கற்க வந்தவள் அமுதவல்லி. குருவைவிட ஆறு வயது மூத்தவள். எக்ஸ்ரே அறையில் பல வருடம் இருந்தவள். படத்தை நம்புவாள், ஆளை நம்பமாட்டாள்.

அங்கே வரும் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. கரண்டு வைக்கும் முன், அதாவது கதிர்வீச்சு கொடுக்கும் முன், அரை லிட்டர் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு காத்திருக்கவேண்டும். மூத்திரப்பை நிறைந்தால்தான் குடல் விலகி நிற்கும். இல்லையென்றால் குடலும் சேர்ந்து வேகும்.

அவர்களில் மாடத்தி என்ற அம்மாவுக்கு அன்றும் ஸ்கேனில் பை காலி. ஏற்கெனவே இரண்டு நாள் கரண்டு தள்ளிப்போயிருந்தது. இன்னும் தள்ளினால் நோய் பிடி விடாது.

அமுதவல்லி வாசலில் நின்றே கேட்டாள். "தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் தாயி."

"ஒன்னுக்குப் போனீங்களா?"

பெஞ்சில் பதினோரு பேர் இருந்தார்கள்.

"போகல," என்றாள் மாடத்தி.

அமுதவல்லி உள்ளே வந்தாள். "பொய் சொல்லுது மேடம். பூந்தொட்டியில தண்ணியை ஊத்துனதை என் கண்ணால பாத்தேன். வைத்தியமே வேண்டாம்னு இருக்கோ என்னவோ. எதுக்கு இப்படிப் பொய் சொல்லணும்?"

ரெஜினா ஒரு பாட்டிலை நீட்டினாள். "குடிங்கக்கா. போய் பெஞ்சுல உக்காருங்க. அரை மணியில கூப்பிடுறேன்."

"எனக்கு எதுக்கு?"

"குடிங்க."

அமுதவல்லி மூடியைத் திருகிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். பிறகு குடித்தாள்.

அரை மணி போனது. மெஷின் நடுவில் நின்றுவிட்டது. "இதோ," என்றாள் ரெஜினா. இன்னொரு அரை மணி போனது. "இதோக்கா." வேண்டுமென்றே செய்கிறாளோ என்று அமுதவல்லிக்குப் பட்டது. காலை மாற்றி மாற்றிப் போட்டாள்.

பக்கத்தில் இருந்த மாடத்தி குனிந்தாள். "போயிட்டு வா தாயி. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

அமுதவல்லி போய்விட்டு வந்து உட்கார்ந்தாள்.

ரெஜினா வாசலில் வந்து நின்று, எல்லோர் காதிலும் விழக் கேட்டாள். "அக்கா, ஒன்னுக்குப் போனீங்களா?"

"இல்ல மேடம்."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். "சரி," என்று ரெஜினா உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அமுதவல்லி தாழ்ந்த குரலில் கேட்டாள். "தண்ணியை ஏம்மா ஊத்துறீங்க?"

மாடத்தி அவள் கையைப் பார்த்தாள். "நோட்டுல எழுதிருவியா?"

"எழுதமாட்டேன்."

"போன வாரம் இந்தப் பெஞ்சுலயே ஒழுகிருச்சு. பக்கத்துல இருந்தவ எந்திரிச்சுத் தள்ளி உக்காந்தா. ஈரச் சேலையோட ரெண்டு பஸ்ஸு. மருமகன் வேற கூட."

அமுதவல்லி உள்ளே போய்ச் சொன்னாள்.

"இந்த உள்ரூம்ல உக்கார வைங்க," என்றாள் ரெஜினா. "கதவைச் சாத்திருங்க. ஒரு பேடு குடுங்க. அவங்களுக்கு முன்னால ரெண்டே பேர் இருக்கிறப்போ தண்ணி குடுங்க. இன்னைக்கே வச்சிரலாம்."

அமுதவல்லி தலையாட்டினாள். ஆனாலும் நகரவில்லை.

"இந்த ஒரு வார்த்தையை அந்தம்மா முதல் நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம். நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

ரெஜினா ஸ்கேன் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க போயிட்டு வந்ததை என்கிட்ட சொன்னீங்களாக்கா?"